நாய் திருட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டு நாய் திருடு போவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். கால்நடை மருத்துவர், வழக்கறிஞர், நாய்ப் பயிற்சியாளர் என மூவர் கலந்து பேசி எழுதிய பதில்கள் இவை.

மடிப்பாக்கம்: எங்கள் ஏரியா வாட்ஸ்ஆப் குழுவில் வாரம் ஒரு தடவையாவது ‘நாயைத் தூக்கிட்டாங்க’ என்று ஒரு படம் வருகிறது. ராத்திரி எழுந்து எழுந்து போய் எங்கள் லாப்ரடாரைப் பார்க்கிறேன். நிஜமாகவே இவ்வளவு திருட்டு நடக்கிறதா?

திருட்டு நடக்கிறது. ஆனால் அந்தப் படங்கள் எல்லாமே திருட்டு அல்ல, பாதிக்கு மேல் தானாக வெளியே போய்த் தொலைந்தவை என்பதே எங்கள் கணிப்பு. நம் நாட்டுக் குற்றப் புள்ளிவிவரத்தில் நாய்த் திருட்டுக்குத் தனித் தலைப்பு கிடையாது. மற்றத் திருட்டுகளோடு கலந்துவிடும். ஆகவே ‘இத்தனை ஆயிரம்’ என்று யாராவது எண் சொன்னால் நம்ப வேண்டாம். எண்ணிப் பார்த்த நாடு பிரிட்டன். அங்கே ஒரு கோடி அளவுக்கு வளர்ப்பு நாய்கள் உண்டு. 2020-ல் போலீஸில் பதிவான நாய்த் திருட்டு சுமார் 2,000. அந்த 2,000 குடும்பங்களின் வேதனையை மதித்துத்தான் 2024-ல் செல்லப் பிராணியைக் கடத்துவதைத் தனிக் குற்றமாக்கி, ஐந்தாண்டு வரை சிறை என்று சட்டம் போட்டார்கள்.

நாய் தொலைவதற்குப் பழகிய காரணங்கள் இருக்கின்றன. தீபாவளி வெடி, கோயில் திருவிழா அதிர்வேட்டு, இடி. பால் பாக்கெட் எடுக்கப் போனவர் சாத்தாமல் விட்ட கேட். பக்கத்துத் தெருவில் ஒரு பெட்டை நாய் பருவத்துக்கு வந்திருப்பது. அது மூன்று வாரம் நீடிக்கும், அத்தனை நாளும் கருத்தடை செய்யாத ஆண் நாய் சுவரேறிக் குதிக்கப் பார்க்கும். உங்கள் பயத்தின் பெரும்பங்கை ராத்திரி விழித்திருக்காமலே குறைக்கலாம். கேட்டுக்கு உள்ளே இன்னொரு சிறு கதவு வையுங்கள், ஒன்றைச் சாத்திய பிறகுதான் மற்றதைத் திறப்பது என்று வீட்டில் எல்லோரும் பழகுங்கள். நாயை இரவில் வீட்டுக்குள் படுக்க வையுங்கள்.

இரும்பு கேட்டில் பலரும் கவனிக்காத ஒன்று: பூட்டு பெரிதாக இருக்கும், ஆனால் கேட்டை அப்படியே மேலே தூக்கினால் கீலிலிருந்து கழன்று வந்துவிடும். மேல் கீலின் முளைக்கு மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்துவிட்டால் தூக்க முடியாது. குட்டி வளர்ப்பவர்கள் கேட்டின் அடி இடைவெளியையும் பாருங்கள். குட்டியின் தலை நுழைகிற இடத்தில் உடம்பும் நுழையும்.

வேளச்சேரி: நாயைக் காணவில்லை என்று தெரிந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்? திருடப்பட்டதா, தானாகப் போனதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். நாய் கட்டியிருந்த இடத்தை யாரும் மிதிக்கும் முன் பாருங்கள், போனில் படம் எடுங்கள். பெல்ட் கீழே கிடந்து, அதன் கொக்கி பூட்டியபடியே இருந்தால் நாய் தலையை உருவிக்கொண்டு போயிருக்கிறது. கொக்கி திறந்து கிடந்தால் மனிதக் கை பட்டிருக்கிறது. கயிற்றின் முனை பிசிறு பிசிறாக, ஈரமாக இருந்தால் பல்லால் கடித்தது. ஒரே நேராக இருந்தால் கத்தி. பெல்ட், சங்கிலி இரண்டுமே காணோம் என்றால் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு.

இனி தேடுதல். வீட்டில் ஒருவர் கேட்டைத் திறந்து வைத்து அங்கேயே இருக்க வேண்டும், ஏனென்றால் கணிசமான நாய்கள் தாமாகவே திரும்பி வரும். அது படுக்கும் சாக்கையோ, நீங்கள் போட்டுக் கழற்றிய துவைக்காத சட்டையையோ வாசலில் போடுங்கள். மற்றவர்கள் நடந்து தேடுங்கள். நாலு பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு போனால் மிரண்ட நாய் இன்னும் உள்ளே ஒளியும். நின்ற கார்களின் அடி, மூடாத மழைநீர் வடிகால், கட்டுமானம் நடக்கிற வீடு, அடுக்ககத்தின் கீழ்த்தள பார்க்கிங், பக்கத்து வீட்டு மொட்டை மாடி, இவற்றைக் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிறு நாயும் கிழட்டு நாயும் தூரம் போவதில்லை. வெடிக்கு மிரண்ட பெரிய நாய் கிலோமீட்டர் கணக்கில் ஓடி ஓரிடத்தில் பதுங்கி, விடிகாலை நாலு மணிக்கு மேல் சந்தடி இல்லாதபோது வெளியே வரும். அந்த நேரத்தில் இன்னொரு சுற்று வாருங்கள். கண்ணில் பட்டால் துரத்தாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, வழக்கமான குரலில் பேசுங்கள், தின்பண்ட டப்பாவை ஆட்டுங்கள்.

இதற்கு நடுவே இன்னொருவர் செய்ய வேண்டிய வேலை சி.சி.டி.வி. இதை ஒத்திப் போடக்கூடாது. கடைகளிலும் வீடுகளிலும் உள்ள பதிவுப் பெட்டி, வட்டு நிறைந்ததும் பழையதை அழித்து மேலே எழுதும். சில இடங்களில் அது ஒரு வாரத்துக்குள்ளேயே நடந்துவிடும். ‘ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்போம்’ என்று விட்டவர்களுக்குக் கிடைப்பது காலி வட்டுதான். பதிவைப் பார்க்கும்போது திரையில் தெரியும் நேரத்தை உங்கள் போன் நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பென்டிரைவில் நகல் வாங்குங்கள். பின்னால் அது நீதிமன்றத்துக்குப் போனால் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள். கேமரா யாருடையது, யார் நகல் எடுத்துக் கொடுத்தார் என்பதை அன்றே எழுதி வையுங்கள்.

மாநகராட்சி வண்டி பிடித்துப் போயிருக்கவும் கூடும். சென்னையில் மாநகராட்சியின் உதவி எண் 1913-க்குப் பேசுங்கள். அதோடு நிற்காமல் புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை, லாயிட்ஸ் காலனி நாய்க் கருத்தடை மையங்களுக்கு நேரிலேயே போய்ப் பாருங்கள். போனில் அடையாளம் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கிண்டியில் உள்ள புளூ கிராஸ் விலங்குக் காப்பகத்திலும், சுற்றுவட்டார கால்நடை மருத்துவமனைகளிலும் படத்தைக் கொடுங்கள். அடிபட்ட நாயை முன்பின் தெரியாதவர்கள் தூக்கிப் போவது அங்கேதான்.

கோவில்பட்டி: எங்கள் பக்கம் கன்னி, சிப்பிப்பாறை நாய்கள்தான் அதிகம் காணாமல் போகின்றன. தோட்டத்தில் கட்டிப்போட்டால் காலையில் இருப்பதில்லை. யார் எடுக்கிறார்கள், எதற்கு?

விற்க, குட்டி போட வைக்க, வேட்டைக்கு. உங்கள் பக்கத்தில் மூன்றுமே உண்டு. நாட்டு இனங்களுக்கு மவுசு கூடியபின் நல்ல அமைப்புள்ள கன்னிக்கும் ராஜபாளையத்துக்கும் வெளியூரிலிருந்து ஆள் வந்து விலை கேட்கிறார்கள். பெட்டையாக இருந்தால் இரண்டு மூன்று தடவை குட்டி எடுத்துவிட்டுக் கழித்துவிடுவார்கள். முயல் வேட்டைக்கு ஓட்டமுள்ள நாய் தேடுகிறவர்கள் தனி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி முயல் வேட்டையே குற்றம். ஆகவே நாய் அந்த வழியில் போயிருக்கிறது என்று தோன்றினால் போலீஸோடு நிற்காமல் வனச்சரக அலுவலகத்திலும் படத்தோடு மனு கொடுங்கள். இரவில் நாய்களோடு போகிற கூட்டத்தை நிறுத்திப் பார்ப்பது அவர்கள் வேலை.

தோட்டத்தில் தனியாகக் கட்டிப் போடுவதுதான் பெரிய ஓட்டை. கட்டிய நாய் குரைக்கலாம், விலகி ஓட முடியாது. திருட வருபவனுக்கு அது வசதி. ஆள் இல்லாத தோட்டத்தில் விலைபோகும் நாயை விடாதீர்கள். விட்டே ஆக வேண்டுமென்றால் கூரை போட்ட கம்பிவலைக் கூண்டு கட்டி, வலையை மண்ணுக்குள் ஓரடி புதைத்து, பூட்டின் கொண்டி போல்ட்டுகளின் நட்டு உள்பக்கம் இருக்கும்படி வையுங்கள்.

இந்த இனங்களில் இன்னொரு சிக்கல், தலை கழுத்தைவிடக் குறுகலாக இருப்பது. சாதாரண பெல்ட்டைப் பின்னால் இழுத்தால் சட்டென்று உருவிக்கொண்டு வந்துவிடும். இரண்டு விரல் அகலமுள்ள, இழுத்தால் மட்டும் அளவோடு இறுகுகிற இரட்டை வளையப் பட்டை வாங்குங்கள். அது முழுதும் இறுகிய நிலையில் காதைத் தாண்டி வரக்கூடாது, மூச்சையும் அடைக்கக்கூடாது. சாதாரண பெல்ட் என்றால் கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று நுழைந்தால் தளர்வு.

அடையாளத்துக்குச் சூடு போடுகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது வதை. அதோடு அதே மாதிரித் தழும்பு ஊரில் பத்து நாய்க்கு இருக்கும், எதையும் நிரூபிக்காது.

தாம்பரம்: மைக்ரோசிப் போட்டால் நாய் எங்கே இருக்கிறது என்று மொபைலில் தெரியும் என்கிறார்களே?

தெரியாது. சிப் என்பது அரிசி மணி அளவு, ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழல். அதற்குள் பேட்டரி கிடையாது. தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கடியில் ஊசியால் போடுவார்கள். ஸ்கேனரைச் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் கொண்டுபோனால்தான் 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அந்த எண்ணை அழிக்க முடியாது, பெல்ட்டைப் போலக் கழற்றி எறிய முடியாது. ‘இது என் நாய்’ என்று இரண்டு பேர் நிற்கும்போது வாய்ப்பேச்சை முடித்துவைப்பது அதுதான்.

தவறு நடக்கிற இடங்கள் இரண்டு. சிப்பைப் போட்டுவிட்டு எண்ணை எங்கும் பதியாமல் விடுவது ஒன்று, வீடும் போன் எண்ணும் மாறிய பிறகு பதிவைத் திருத்தாமல் இருப்பது இன்னொன்று. நாட்டிலுள்ள எல்லா நாயும் ஒரே பதிவேட்டில் இல்லை. அதனால் சிப் எண் தடுப்பூசிப் புத்தகத்திலும், மாநகராட்சி உரிமத்திலும், இனச் சான்று இருந்தால் இந்தியக் கென்னல் கிளப் பதிவிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். 2025 கடைசியில் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கியிருக்கிறது. உரிமக் கட்டணம் 50 ரூபாய், வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். அபராதத்துக்குப் பயந்து செய்வதைவிட, இது உங்கள் பெயரில் அரசு தரும் உரிமைக் காகிதம் என்று நினைத்துச் செய்யுங்கள். ஆண்டுத் தடுப்பூசிக்குப் போகும்போது சிப்பையும் ஒரு தடவை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சிப் தோலுக்கடியில் சற்று நகர்ந்து தோள் பக்கம், விலாப் பக்கம் போயிருக்கலாம். திருட்டு நாயைச் சோதிப்பவரிடமும் முதுகில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு ‘சிப் இல்லை’ என்று சொல்ல விடாதீர்கள்.

இடம் காட்டுவது ஜி.பி.எஸ். பட்டை. அதற்கு சிம்மும் சார்ஜும் வேண்டும். திருடன் முதல் நிமிடத்திலேயே பட்டையைக் கழற்றி எறிவான். ஏர்டேக் மாதிரியானவை அருகில் செல்லும் மற்றவர்களின் போன் வழியாக இடம் சொல்பவை, தோட்டக்காட்டில் உதவாது. அதோடு, தெரியாத டேக் ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கை போகும். தொலைந்த நாய்க்கு இரண்டும் நல்லது. திருட்டுக்கு இவற்றை நம்ப வேண்டாம்.

பெல்ட் வில்லையில் நாயின் பெயரைப் பொறிக்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பல நாய்கள் வாலாட்டிக்கொண்டு போய்விடும். இரண்டு போன் எண், ‘சிப் உண்டு’, செய்திருந்தால் ‘கருத்தடை ஆனது’ என்று பொறியுங்கள். குட்டி எடுக்கத் திருடுகிறவனுக்குக் கருத்தடை செய்த நாயால் பயன் இல்லை.

ஈரோடு: ஸ்டேஷனில் ‘நாய்க்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட மாட்டோம், தேடிப் பாருங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். சட்டத்தில் நாய்த் திருட்டு குற்றம்தானே?

சந்தேகமே வேண்டாம். திருட்டு என்றால் என்ன என்று விளக்க 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம் காட்டிய உதாரணங்களில் ஒன்றே நாய்தான்: நாய்க்கான தின்பண்டத்தைப் பையில் வைத்துக்கொண்டு, உரிமையாளரின் சம்மதமில்லாமல் நாயைக் கொண்டுபோகும் நோக்கத்தோடு அதைப் பின்தொடர வைத்தால், நாய் பின்தொடரத் தொடங்கிய கணமே திருட்டு முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவிலும் அதே உதாரணம் இருக்கிறது. தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

புதிய சட்டத்தில் ஒரு வலை இருக்கிறது, நாய் வளர்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் என்றால், போலீஸ் தானாக விசாரணை தொடங்க முடியாத வகையில் அந்தத் திருட்டு வருகிறது. நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும். முதல் தடவை தண்டிக்கப்படுகிறவன் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவையோடு முடிந்துவிடும். ஆகவே ‘என் நாய் விலைமதிப்பில்லாதது’ என்று எழுதினால் போதாது, ரூபாயில் எழுத வேண்டும். வாங்கிய ரசீது, பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, அதே இனத்தின் இன்றைய விலை பற்றி வளர்ப்பாளரின் கடிதம், இவற்றை இணையுங்கள். மிகைப்படுத்தாதீர்கள், குறுக்கு விசாரணையில் அது உங்களையே திருப்பித் தாக்கும். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய்க்கு ரசீது இருக்காது. அது வீட்டுக்குள்ளிருந்து தூக்கப்பட்டிருந்தால் 305-வது பிரிவைக் கேளுங்கள். குடியிருக்கும் கட்டடத்தில் நடக்கும் திருட்டுக்கு ஏழாண்டு வரை சிறை, அங்கே 5,000 ரூபாய் வரம்பு கிடையாது. எங்கிருந்து எடுத்தார்கள் என்பதை மனுவில் தெளிவாக எழுத வேண்டியது இதனால்தான். ‘வீட்டருகே’ என்று எழுதாமல் ‘வீட்டின் உள்கூடத்தில் கட்டியிருந்த’ என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அது மனு பெற்றதற்கு அத்தாட்சி, எஃப்.ஐ.ஆர். அல்ல. இது மாதிரிக் குற்றங்களில் 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்துவிட்டுப் பதிவு செய்யவும் போலீஸுக்கு இடம் உண்டு. எல்லை எங்களுடையதல்ல என்று சொல்லித் திருப்பி அனுப்ப இடமில்லை. எந்த ஸ்டேஷனிலும் பதிந்து உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. மின்னணு வழியிலும் புகார் கொடுக்கலாம், ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். பிறகும் மறுத்தால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, மாநகரமானால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். தபால் ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள்.

நாய் கிடைத்து, அதை போலீஸ் வழக்குச் சொத்தாகக் கைப்பற்றினால், தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இடைக்காலமாக உங்களிடம் ஒப்படைக்கக் கோரி அதே நடைமுறைச் சட்டத்தின் 497 அல்லது 503-வது பிரிவில் வழக்கறிஞர் மூலம் மனு போடலாம். அங்கே பேசப்போவது உங்கள் கோப்பு. நாய் வீட்டில் நலமாக இருக்கும்போதே இந்தக் கோப்பைத் தயார் செய்துவிடுங்கள்: இரண்டு பக்கமும், முன்னாலும், மேலிருந்தும் எடுத்த படங்கள், அடிவயிற்று மச்சம், நகங்களின் நிறம், பல், தழும்பு, வால் நுனி, மூக்கின் நெருக்கப் படம், நீங்களும் நாயும் சேர்ந்து நிற்கும் தேதியிட்ட படம், தடுப்பூசிப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களும். குட்டி என்றால் மாதம் ஒரு முறை படம். மூன்று மாதக் குட்டியின் படத்தை வைத்து ஒரு வயது நாயை அடையாளம் காட்ட முடியாது. தாய் தந்தை நாய் எங்கே இருக்கின்றன என்பதையும் குறித்து வையுங்கள். 2020-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாதில் ஒரே லாப்ரடாருக்கு இருவர் உரிமை கோரியபோது, போலீஸ் டி.என்.ஏ. சோதனைக்கே போனது.

திருச்சி: ‘உங்க நாய் எங்ககிட்ட இருக்கு, 10,000 ஜி.பே. பண்ணுங்க, அட்ரஸ் அனுப்புறோம்’ என்று போன் வருகிறது. கொடுத்துவிடலாமா? நாய் வந்தால் போதும் என்று இருக்கிறது.

முன்பணம் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். உங்கள் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, நாயையே பார்க்காதவர்கள் பேசும் பேச்சு இது. வீடியோ அழைப்பில் நாயைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால், நீங்கள் சுவரொட்டியில் போடாத ஒரு அடையாளத்தைக் கேளுங்கள். அதற்காகவே ஒன்றை வெளியிடாமல் வைத்திருக்க வேண்டும்: பின்னங்கால் உள்பக்க மச்சம், ஒரு நகம் மட்டும் வெள்ளை என்பது மாதிரி. சிப் எண்ணையும் வெளியிடக்கூடாது. ‘பணம் உங்களுக்கு வரும், க்யூ.ஆர். ஸ்கேன் பண்ணுங்க’ என்றால் அது மோசடியேதான். பணம் பெற யாரும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ல் புகார் செய்யுங்கள்.

நாயை உண்மையிலேயே காட்டிவிட்டால் பேச்சை வளர்த்துக்கொண்டே போலீஸிடம் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள். மிரட்டிப் பணம் கேட்பது நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவில் வரும் வேறு குற்றம், தனியாக மனுவில் சேருங்கள். ‘எனக்குத் தெரிந்த பையன்கள் இருக்காங்க, 5,000 கொடுத்தா மீட்டுத் தர்றேன்’ என்று நடுவில் ஒருவர் வருவார். திருடனைப் பிடிக்க எந்த முயற்சியும் செய்யாமல் பொருளை மீட்டுத்தர மட்டும் கூலி வாங்குவது 252-வது பிரிவில் குற்றம், இரண்டாண்டு வரை சிறை. இதைச் சொன்னாலே பாதிப் பேர் விலகிவிடுவார்கள்.

சுவரொட்டியில் ‘தகுந்த சன்மானம்’ என்று மட்டும் எழுதுங்கள். தொகை போட்டால் பேரம் அங்கிருந்துதான் தொடங்கும்.

மயிலாப்பூர்: எனக்கு வயது 71. ஷி ட்சூவை அழைத்துக்கொண்டு காலையில் நடக்கிறேன். பைக்கில் வந்து பிடுங்கிப் போனால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளச் சொல்கிறான் மகன்.

சுற்றிக்கொள்ளாதீர்கள் அம்மா. வண்டி இழுத்தால் நீங்களும் சாலையில் இழுபடுவீர்கள். இடுப்பெலும்பு முறிவு இந்த வயதில் சாதாரண விஷயமல்ல. கயிற்றின் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, உள்ளங்கையில் மடித்துப் பிடியுங்கள். இழுபட்டால் விரலைத் திறந்தால் விடுபடும். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள், பின்னாலிருந்து வருகிறவனை உங்களால் பார்க்க முடியாது. நாய் சுவர்ப் பக்கம், நீங்கள் சாலைப் பக்கம். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போடுங்கள். ஒருவேளை பிடுங்கினால் போராடாதீர்கள். வண்டி எண்ணைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லி மனதில் நிறுத்தி, உடனே அவசர உதவி எண் 112-க்குப் பேசுங்கள். கடை வாசலில் கட்டிவிட்டு உள்ளே போக வேண்டாம், இரண்டு நிமிடமானாலும்.

கோயம்புத்தூர்: பிஸ்கட்டில் மயக்க மருந்து வைக்கிறார்களாம். வேறு யாரும் கொடுத்தால் சாப்பிடாதபடி பழக்க முடியுமா?

ஓரளவு முடியும், முழுதாக முடியாது. ‘விடு’ என்றால் தின்பண்டத்தைத் தொடாமல் விலகும் பழக்கத்தை மூன்று நான்கு வாரத்தில் கொண்டுவரலாம்: உள்ளங்கையை மூடித் தின்பண்டத்தைக் காட்டி, நாய் முகத்தைத் திருப்பியதும் இன்னொரு கையிலிருந்து அதைவிட நல்லதைக் கொடுப்பது, பிறகு தரையில், பிறகு வேறொருவர் கையால், தினம் ஐந்து நிமிடம். ஆனால் யாருமில்லாத இருட்டில் ஆட்டுக்கறி கிடந்தால் எந்தப் பயிற்சியையும் நம்ப முடியாது. அதனால்தான் இரவில் வீட்டுக்குள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

நாய் தள்ளாடினால், எச்சில் ஒழுகினால், நடுங்கினால், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால், அது மயக்க மருந்தாக இல்லாமல் பூச்சிமருந்தாகவும் இருக்கலாம். உப்புத் தண்ணீரோ புளித்தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள். உப்பு ரத்தத்தில் ஏறியே நாய் சாகலாம், மயங்கிய நாய்க்கு ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். மோரும் பாலும் அப்படித்தான். ஒருக்களித்துப் படுக்க வைத்து, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, மிச்சத் தீனியையும் வாந்தியையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். வாந்தி எடுக்க வைப்பது அவர் முடிவு. தின்று இரண்டு மணி நேரம் தாண்டினால் அதில் பெரிய பலனும் இல்லை. புட்டியில் உள்ளது போலீஸுக்கும் சாட்சி.

மதுரை: தெரிந்தவர் மூலம் ஒரு வயது ஜெர்மன் ஷெப்பர்டு மிகக் குறைந்த விலைக்கு வருகிறது. திருட்டு நாயாக இருக்குமோ?

பணம் கொடுக்கும் முன் விற்பவரையும் நாயையும் கால்நடை மருத்துவரிடம் வரச்சொல்லி, சிப் இருக்கிறதா என்று உடம்பு முழுக்க ஸ்கேன் செய்யுங்கள். வர மறுத்தால் வாங்காதீர்கள். தடுப்பூசிப் புத்தகம் இல்லை, நாயின் பெயர் தெரியவில்லை, பஸ் ஸ்டாண்டில் வைத்துத் தருகிறேன் என்கிறார், கழுத்தில் பெல்ட் தடம் இருந்தும் ‘கட்டியே வளர்க்கல’ என்கிறார்: இதில் இரண்டு பொருந்தினாலே விலகிவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணமிருந்தோ வாங்குவது நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். மலிவு விலையே ‘நம்பக் காரணம்’ ஆகலாம். நேர்மையான விற்பனை என்றால் ஆதார் நகலோடு, சிப் எண் குறித்து, இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்க விற்பனைச் சீட்டு வாங்குங்கள்.

நாகர்கோவில்: நாலு மாதம் முன்பு காணாமல் போன எங்கள் பெட்டை ராஜபாளையம் கிடைத்துவிட்டது. எலும்பும் தோலுமாக இருக்கிறது. இனி என்ன செய்ய வேண்டும்?

வயிறு நிறையப் போடாதீர்கள், இதுதான் முதல் வேலை. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சோறு போனால் ரத்தத்தில் உப்புச் சத்துகள் சரிந்து நாய் சாகவும் கூடும். சிறு சிறு கவளமாக ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கொடுத்து, ஏழு முதல் பத்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தச் சோதனை, குடற்புழு மருந்து, கடிபட்ட தழும்பு இருந்தால் வெறிநாய்த் தடுப்பூசியின் ஊக்க ஊசி. குட்டி எடுக்கக் கொண்டுபோயிருந்தால் சினையாக இருக்கலாம். இணை சேர்ந்து 25 நாளுக்கு மேல் ஆகியிருந்தால் ஸ்கேனில் தெரியும். ஈனுவது 63 நாள் வாக்கில். இந்த உடம்போடு குட்டி தாங்குமா என்பதை அன்றே பேசி முடிவெடுங்கள். பிறப்புறுப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தால் பருவம் என்று விட்டுவிடாதீர்கள். இணை சேரும்போது தொற்றும் ஒருவகைக் கட்டி இருக்கிறது, மாதங்கள் கழித்துத்தான் வெளியே தெரியும். வாரம் ஒரு ஊசியாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் முற்றிலும் குணமாகும். வீட்டில் வேறு நாய் இருந்தால் பரிசோதனை முடியும்வரை பிரித்து வையுங்கள்.

முதல் சில நாள் அது உங்களைக் கண்டே ஒதுங்கலாம், கை ஓங்கியது போல் தெரிந்தாலே சுருளலாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொஞ்சாமல், பழைய இடத்தில் பழைய சாக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். உடம்பில் உள்ள புண், தழும்பு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள், வழக்குக்கு வேண்டும். கிடைத்த விவரத்தை ஸ்டேஷனில் எழுத்தில் கொடுங்கள். ஒட்டிய சுவரொட்டிகளையும் வாட்ஸ்ஆப்பில் போட்ட படத்தையும் இன்றே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதே நிறமுள்ள வேறொருவர் நாயை உங்களுடையது என்று நினைத்து யாராவது பிடித்துக் கட்டிவிடுவார்கள்.